துரைக்கு எல்லாம் லைன்

துணி உலர்த்தும் கயிற்றுக்கும் மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பவர்களுக்கு நான் சில வருஷம் சமைத்துப் போட்டேன். பங்களாவின் பின்புறம் இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே கட்டியிருந்த கயிறு துரைசாணிக்கு லைன். அப்புத்தளை மலையில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. பனி மூட்டம் ஏறுவதைப் பார்த்ததும் அந்த அம்மாள் சன்னலில் நின்று, "அப்பு! லைன்! லைன்!" என்று கூவுவார். நான் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்த் துணிகளை அள்ளி வருவேன். அதே வாய், மத்தியானம் தோட்டக்காரனுக்குக் காய்ச்சல் என்றால், அவனை லைனுக்குப் போகச் சொல்லும். கயிற்றில் போய்த் தொங்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நான் எனக்குள்ளேயே சிரித்துக்கொள்வேன். இந்த நாட்டில் பங்களாச் சமையல்காரனுக்கு அப்பு என்று பெயர். வீராசாமி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதைத் துரைமார் யாரும் கேட்டதில்லை.

சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் கைகட்டி நிற்பவனுக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும். திருச்சினாப்பள்ளிப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்ச இங்கிலீஷை வைத்துக்கொண்டு அந்த ஒரு சொல்லை நான் துரத்திக்கொண்டே இருந்தேன். கொழும்பிலிருந்து அப்புத்தளைக்கு ரயில் ஏறி வரும் பாதை லைன். அந்த ரயிலில் வரப்போகும் விருந்தாளி முன்கூட்டி எழுதும் நாலு வார்த்தைக் கடுதாசியும் லைன். ஞாயிற்றுக்கிழமை பெரிய துரை ஓடையில் மீன் பிடிக்கப் போனால் தூண்டிலின் நூல் லைன். துரைசாணி கண்ணாடியில் பார்த்துப் பெருமூச்சு விடும் நெற்றிச் சுருக்கமும் லைன்தான். ஒருநாள் பெரிய துரை தன் வேட்டை நாயின் தாடையைத் தடவிக்கொண்டு, இது நல்ல லைனில் வந்தது, இதன் பாட்டன் இன்னது, முப்பாட்டன் இன்னது என்று விருந்தாளிக்கு வரிசையாகச் சொன்னார். நான் சூப்புக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டே கேட்டேன். நாய்க்கு அந்தச் சொல்லில் ஒரு வம்சம் கிடைத்திருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அதே சொல்லில் கிடைத்தது தகரக் கூரையும், ஒட்டுச் சுவரும், ஆளுக்கு ஒரு அறையும்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த வீட்டைச் சொல்ல வேண்டும். நீளமாக ஒரே கட்டடம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அறைகள். முன்னால் ஒரு நீளத் தாழ்வாரம். ஓர் அறையில் மிளகாய் வறுத்தால் கட்டடம் முழுக்கத் தும்மும். துரைமார் லைன் என்றதை நம் ஆட்கள் வாயில் போட்டு உருட்டி லயம் என்று ஆக்கிக்கொண்டார்கள். ஊரில் பாட்டுக்கும் தாளத்துக்கும் சொல்கிற சொல் அல்லவா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், அதுதான். பெரிய பெயர்தான் வைத்திருக்கிறோம்.

இந்த நாட்டுச் சிங்களவர்களுக்கும் அந்தச் சொல் போதுமானதாக இருக்கிறது. பெரகலைச் சந்தியில் பங்களாவுக்குக் காய்கறி வாங்கும் கடைக்காரர் ஒரு வயதான சிங்களவர், நல்ல மனுஷர். ஒருநாள் கோவா என்கிற முட்டைக்கோசை நிறுத்துக்கொண்டே, "கம கொஹெத?" என்றார். எனக்கு அப்போது அவர் மொழி அவ்வளவாக வராது. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிறார் போல என்று மலைமேலே கையைக் காட்டினேன். அவர் தலையாட்டி, "ஆ, லயிமே" என்று சொல்லிவிட்டு ஒரு கத்தரிக்காயைக் கூடுதலாகப் போட்டார். அவர் கேட்டது என் சொந்த ஊர் எது என்று. அது எனக்குத் தெரிய இரண்டு மழைக்காலம் ஆனது. தெரிந்த பிறகு ஒருநாள் அவர் கடையில் நின்று என் ஊர்ப் பெயரை உரக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்றார்.

நம் ஆட்கள் மட்டும் திசை அறிந்தவர்களா என்றால் அதுவும் இல்லை. எங்கள் தோட்டம் மலைமுகட்டில் இருக்கிறது. மேகம் விலகிய காலையில் தெற்கே, கண்ணுக்கு எட்டும் கடைசித் தூரத்தில், கடல் ஒரு வெள்ளிப் பட்டையாகத் தெரியும். புதிதாக வந்து சேர்ந்த ஆட்கள் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் எண்ணும் இடத்தில், அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். கடலைத் தாண்டித்தானே வந்தோம், அப்படியானால் அக்கரையில் ஊர் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. பங்களாச் சுவரில் தொங்கும் தேசப்படத்தைப் பார்த்துத் துடைத்துப் பழகிய எனக்குத்தான் தெரியும், அந்தக் கடலுக்கு அப்பால் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை என்று. நம் ஊர் இருப்பது முதுகுப் பக்கம், வடக்கே, மலைக்குப் பின்னால். என் தங்கை அஞ்சலை வந்த முதல்நாள் அப்படிக் கும்பிட்டபோது நான் இதைச் சொன்னேன். அவள் கையை இறக்கவில்லை.

"இருக்கட்டும் அண்ணே. கும்பிட்டது எங்க போயிடப் போவுது" என்றாள்.

அஞ்சலை தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலைக்கு வந்தவள். கூடவே வந்த அவள் புருஷன் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டான். அவன் போன பிறகுதான் பெண் குழந்தை பிறந்தது. லயத்தில் இருக்கும் அறை அவளுடையதல்ல, அவள் வேலையினுடையது. வேலைக்கு நிற்காதவர்களுக்கு அறை இல்லை என்பது தோட்டத்துச் சட்டம். அந்த அறையை இழந்தால் கைக்குழந்தையோடு அவள் எங்கே போவாள்? பங்களாவில் எனக்கு இருந்தது விறகு அடுக்கும் கொட்டகையை ஒட்டிய ஒரு மூலை. அங்கே பெண்பிள்ளையை வைத்துக்கொள்ளத் துரைசாணி விடமாட்டார். ஆகவே உடம்பு தேறுவதற்கு முன்பே அவள் இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு கூடையைத் தலையில் மாட்டினாள். குழந்தைக்கு மலைச்சரிவில் ஒரு மரத்தில் தூளி.

தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு வரிசைக்கு நிரை என்று பெயர். காலையில் கங்காணி ஆளுக்கு ஒரு நிரை கொடுப்பார். மேல் ரோட்டில் ஆரம்பித்துக் கீழ் ரோட்டில் முடிக்க வேண்டும். குழந்தை அழும்போதெல்லாம் அஞ்சலை நிரையை விட்டு மரத்துக்கு ஓடினாள். மற்றவர்கள் கீழே போய்ச் சேரும்போது இவள் பாதி நிரையில் நிற்பாள். நிரையை முடிக்காதவளுக்கு அன்றைய பேர் விழாது, அதாவது கூலிக் கணக்கில் அந்த நாள் சேராது. பேர் விழாத நாட்கள் சேர்ந்தால் அறை போய்விடும். கங்காணி இதை அவளிடம் ஒருமுறை நேராகவே சொல்லிவிட்டார்.

நம் பக்கத்தில் கடலைக் காட்டில் களை வெட்டப் போன யாருக்கும் அடுத்து நடந்தது புரியும். காட்டில் ஆளுக்கு ஒரு முனை பிடித்து வரிசையாக வெட்டிக்கொண்டு போவோம். முதலில் முடித்தவள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடமாட்டாள். திரும்பி, பின்தங்கியவளின் முனைக்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வருவாள். இரண்டு பேரும் நடுவில் சந்திப்பார்கள். கடைசி ஆள் வரப்புக்கு வந்த பிறகுதான் கஞ்சிக் கலயத்தைத் திறப்பார்கள். இதற்கு நன்றி சொல்கிற வழக்கமும் கிடையாது. இன்றைக்கு உனக்கு இடுப்புவலி, நாளைக்கு எனக்குத் தலைவலி, அவ்வளவுதான். அஞ்சலையோடு நிரை எடுத்த பெண்கள் அதையே இங்கேயும் செய்தார்கள். நல்லம்மா என்று ஒருத்தி, நெடுநெடுவென்று வளர்ந்தவள், மின்னல் கை. அவள்தான் முதலில் முடிப்பாள், முதலில் திரும்புவாள். கீழ்க்கோடியிலிருந்து அஞ்சலையின் நிரையில் நுழைந்து மேலே ஏறி வருவாள். எடுத்த கொழுந்தை அஞ்சலை கூடையிலேயே போட்டுவிட்டு இறங்கிப் போவாள்.

அந்த வருஷம் சீமையிலிருந்து புதிதாக ஒரு சின்னத் துரை வந்தார். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, ஆனால் சத்தம் முளைத்திருந்தது. ஒருத்தியின் நிரைக்குள் இன்னொருத்தி நிற்பதைப் பார்த்ததும் ஏதோ களவைக் கண்டுபிடித்தவர்போல் குதித்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் கத்தினார்.

"நீ ஏன் அவ லைன் உள்ளே போறது? உன் லைன் உனக்கு. அவ லைன் அவளுக்கு. நாளைக்கு எவ போறது, அவளுக்குப் பேர் இல்லே!"

கங்காணி நம் பக்கத்து ஆள்தான். அவர் தாயாரும் காட்டில் முனை பிடித்தவராகத்தான் இருப்பார். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று பெண்கள் சொன்னார்கள். 

அன்று சாயங்காலச் சாப்பாட்டில் சின்னத் துரை இந்தச் சங்கதியை எடுத்தார். பெரிய துரை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, ஆட்களை லைனில் வைத்திருக்க வேண்டும், ஒருமுறை விட்டால் பிடிக்க முடியாது என்றார். இத்தனை நாள் நான் சேர்த்து வைத்த அர்த்தங்களில் இது இல்லை. இங்கே லைன் என்றால் கட்டடமும் இல்லை, செடியும் இல்லை. சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்பது. இது என்னை உலுக்கியது. எங்களைக் குடிவைத்திருக்கும் இடத்துக்கும், வேலைவாங்கும் இடத்துக்கும், அடக்கி வைப்பதற்கும் அவர்களுக்கு ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. அதுவரை அந்தச் சொல்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் அன்று சிரிக்கவில்லை. புட்டிங்கை மேசையில் வைத்துவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கக் காத்திராமல் சமையலறைக்குள் போய்விட்டேன். 

மறுநாள் மலைக்குப் போயிருந்த சின்னத் துரைக்குத் தேநீர்க் கூடையைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். கீழ் ரோட்டைச் சுற்றி வந்தபோது பெண்கள் எல்லோரும் நிரை முடித்து ரோட்டோரம் நிற்பதைக் கண்டேன். கம்பளி தலையில், முதுகில் நிறைந்த கூடை, ஒருத்தியும் உட்காரவில்லை, ஒருத்தியும் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்கு நகரவில்லை. அஞ்சலை தனியாக மலையின் பாதியில் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மேலே மரத்துத் தூளியில் குழந்தை வீரிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. சின்னத் துரை முகம் சிவக்க ரோட்டில் முன்னும் பின்னும் நடந்தார்.

"ஏன் நிக்கிறது? போ! நிறுவைக்குப் போ!"

"அஞ்சல வரட்டுங்க தொரை" என்றாள் நல்லம்மா.

"அவ லைன் அவ வேலை!"

"ஆமாங்க தொரை. அவ வேலைய அவ செய்யிறா. உள்ள போகக் கூடாதுன்னீங்க, போகல. எங்க ஊருல கடைசி ஆளு வந்து சேராம யாரும் கலயத்தத் தொட மாட்டோங்க. அதான் நிக்கிறோம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அடுப்படியில் பேசுகிற மாதிரிதான் பேசினாள். சின்னத் துரைக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதியே அவருக்குப் போதாதா? கூடையில் அமுங்கிய கொழுந்து நேரம் ஆக ஆகச் சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் அதைத் தேயிலையாக்க முடியாது. கீழே தொழிற்சாலையில் கொழுந்து வராமல் ஆட்கள் சும்மா நிற்பார்கள். இதெல்லாம் அந்தப் பெண்களுக்குத் தெரியாமல் இல்லை. கங்காணி மெல்ல நல்லம்மா பக்கத்தில் போய், "ஏ புள்ள, எல்லாத்தையும் லயத்த விட்டு வெரட்டிருவாங்க, பாத்துக்க" என்றார். "வெரட்டட்டும் கங்காணி. பொறவு கொழுந்த யாரு எடுப்பா, நீங்களா?" என்றாள் அவள். ரோட்டில் ஒரு சிரிப்பு ஓடியது.

அதற்குள் பெரிய துரை குதிரையில் வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்தார். ஒரு கூடைக்குள் கையை விட்டுச் சூட்டைப் பார்த்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார். துரைமார் பேச்சும் நம் பேச்சும் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

"அப்பு, அது உன் தங்கச்சிதானே? இவங்ககிட்டச் சொல்லு. போகச் சொல்லு" என்றார்.

நான் பெண்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. பங்களாவின் வெள்ளைச் சட்டையைத்தான் பார்த்தார்கள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை. மேலே குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப் போயிருந்தது. நான் தேநீர்க் கூடையை ரோட்டில் இறக்கி வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அஞ்சலையின் நிரைக்குள் கீழ்க்கோடியிலிருந்து ஏறினேன். "அப்பு!" என்று பின்னால் ஒரு குரல். திரும்பவில்லை. கைக்கு வந்ததைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டு ஏறினேன். அட்டை கடித்தது தெரிந்தது, தட்டிவிட நேரமில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டது. நல்லம்மா எனக்குப் பக்கத்தில் வந்து என்னைத் தாண்டிப் போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். ஒருத்தி நேரே மேலே ஏறிக் குழந்தையைத் தூக்கினாள். நடுநிரையில் நானும் அஞ்சலையும் எதிரெதிரே வந்துவிட்டோம். அவள் என் மடியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னாண்ணே, காம்போட புடுங்கி வச்சிருக்க. ரெண்டு எலையும் மொட்டுந்தான் எடுக்கணும். பேரக் கெடுத்துராத" என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அன்று எல்லோருடைய கொழுந்தும் ஒன்றாக நிறுவைக்குப் போனது. எல்லோருக்கும் பேர் விழுந்தது. இத்தனை பேரை விரட்டிவிட்டு அந்தக் கொழுந்துக் காலத்தில் ஆளுக்கு எங்கே போவது என்று பெரிய துரைக்குத் தெரியும். விரட்ட முடிந்தது என் ஒருவனைத்தான். சாயங்காலம் என் தகரப் பெட்டி சமையலறைப் படியில் இருந்தது. துரைசாணி கெட்டவர் அல்ல. வருத்தமாகத்தான் சொன்னார், நீ லைனை விட்டு வெளியே போய்விட்டாய் அப்பு என்று. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. ஆனால் அம்மா, நான் அதற்குள்ளே அல்லவா போனேன் என்று சொல்ல நினைத்தேன்.  கயிற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது, பனி ஏறிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

சின்னத் துரை தன் உத்தரவை வாபஸ் வாங்கவில்லை. துரைமார் அப்படிச் செய்வதில்லை. ஆனால் நிரை முடித்த பெண்கள் திரும்பும்போதெல்லாம் அவருக்கு எதிர்மலையில் ஏதோ முக்கியமான வேலை தெரிகிறது, அந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார். அஞ்சலைக்கு அறை நிலைத்தது. அந்த அறையில்தான் இப்போது நானும் இருக்கிறேன். நடுவில் ஒரு சாக்குத் திரை. மருமகளுக்குப் பல் முளைத்துவிட்டது, என் விரலைத்தான் கடித்துப் பார்க்கிறாள்.

பங்களாவில் இருந்தவரை நான் லயத்து ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. பெரகலைக் கடைக்காரருக்கு அந்த வித்தியாசம் என்றைக்குமே தெரிந்ததில்லை. இப்போது எனக்கும் தெரியவில்லை. எங்களை லைன் ஆட்கள் என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தச் சொல்லை அவர்கள் எத்தனை விதமாக வேண்டுமானாலும் புரட்டட்டும். ஒருத்திக்காக மற்றவர்கள் வெயிலிலும் பனியிலும் நிற்பது என்ற பொருளை அதற்குக் கொடுத்தது நாங்கள். அது அவர்கள் புத்தகங்களில் இருக்காது, அதனாலென்ன?

ஊருக்கு எப்போது வருகிறாய் என்று கடுதாசி போட்டுக் கேட்கிறீர்கள். பதில் எழுத உட்கார்ந்தால் போன வாரம் நடந்ததுதான் ஞாபகம் வருகிறது. என்னைக் கவ்வாத்து வேலையில் போட்டிருக்கிறார்கள், தேயிலைச் செடியை வெட்டி மட்டப்படுத்தும் வேலை. கரண்டி பிடித்த கைக்குக் கத்தி பிடிபடவில்லை, உள்ளங்கை எல்லாம் கொப்புளம். மற்றவர்கள் எல்லோரும் நிரை முடித்துக் கீழே போய்விட்டார்கள். நான் பாதியில் நின்றேன். மேலிருந்து இறங்குகிறவனுக்கு முகம் தெற்கே இருக்கும், அன்று கடல் பளிச்சென்று தெரிந்தது. ஊர் அங்கே இல்லை என்று தெரிந்தும் நானும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்போது கீழ்க்கோடியில் கத்திச் சத்தம் கேட்டது. சேலத்துப் பக்கம் இருந்து புதிதாக வந்த ஓர் ஆள், பெயர்கூட எனக்குத் தெரியாது. தறி நெய்கிற குடும்பமாம், காட்டு வேலையே பார்த்ததில்லையாம். முனை என்ற பேச்சையே அவர் இந்த மலையில்தான் கேட்டிருக்கிறார். அவர் என் நிரைக்குள் நுழைந்து செடி செடியாக வெட்டிக்கொண்டு மேலே வந்தார். அப்படி ஏறி வருகிறவருக்கு முகம் வடக்கே, ஊர்ப் பக்கம். என் முகம் கடலைப் பார்த்தபடி. நான் கொப்புளக் கையால் கத்தியை மறுபடி பிடித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் செடிகள்தான் மிச்சம் இருந்தன.